சனிக்கிழமை அம்மா

பிள்ளைகள் ஒழுங்காகப் படிக்காததற்குக் காரணம் பெற்றவர்கள்தான் என்று பச்சைக் கேட்டு ஸ்கூல் போன ஜூன் மாதத்தில் கண்டுபிடித்தது. அதற்கு முன்னால் வரைக்கும் காரணம் செல்போனாக இருந்தது. அதற்கும் முன்னால் கொரோனா. கரஸ்பாண்டன்ட் ஸ்ரீகாந்த் பெரிய ஓட்டல் ஒன்றில் நடந்த பயிற்சிக்குப் போனார். மதியச் சாப்பாட்டோடு இந்த ஞானத்தையும் வாங்கிக்கொண்டு மண்ணூர்பேட்டைக்குத் திரும்பி வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பலகையில் வேறு பெயர், நீளமான பெயர். ஜனங்களுக்கு அது பச்சைக் கேட்டு ஸ்கூல்தான்.

வந்த வேகத்தில் ஒரு திட்டம் போட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து மணிக்கு வாசிப்பு நேரம். பிள்ளைக்குப் பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ உட்கார வேண்டும். மிஸ் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, விரல் வைத்துப் படிக்கச் சொல்லித் திருத்துவார். அதைப் பார்த்துக்கொண்டு போய் வீட்டிலும் அதேபோலப் படிக்கவைக்க வேண்டியது பெற்றவர் வேலை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. சனிக்கிழமை பத்து மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தக் கம்பெனி கதவைத் திறந்து அம்மாக்களை வெளியே விடும் என்று மட்டும் அந்த ஓட்டலில் யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

அனுசுயாவின் மகள் மோனிஷா அங்கே இரண்டாம் வகுப்பு. அனுசுயா எஸ்டேட்டில் ரப்பர் சாமான் செய்கிற கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாள். அச்சிலிருந்து வருகிற ஒவ்வொரு வாஷரின் ஓரத்திலும் மெல்லிய தோலாக ரப்பர் ஒட்டிக்கொண்டிருக்கும். சின்னக் கத்தரியால் அதைச் சுற்றி வெட்டி எடுக்க வேண்டும். கத்தரி கொஞ்சம் உள்ளே போனால் சாமான் வீண். கொஞ்சம் வெளியே நின்றால் சாமான் திரும்பி வரும், கூடவே திட்டும் வரும். காலை ஆறு மணிக்குக் குனிந்த தலை மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் நிமிரும். எத்தனை சோப்புப் போட்டாலும் விரலில் ரப்பர் வாடை போகாது.

லைன் வீட்டில் அவளுக்கு இந்தப் பக்கம் வனஜா, அந்தப் பக்கம் லோகநாயகி. மூன்று பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே குழாய், ஒரே பாத்ரூம். லோகநாயகியின் மகள் ஹேமாஸ்ரீயும் சேர்த்து மூன்று பேருடைய பிள்ளைகளும் ஒரே வகுப்பு. வனஜா மட்டும் எப்போதும் நைட் ஷிப்ட். அவள் புருஷன் போய்ச் சேர்ந்தபிறகு, பகலில் மகன் பரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டது.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பிசிறு மேஜையில் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சூப்பர்வைசர் வேம்புலி கேட்க மாட்டார். காய்ச்சலோ, சாவோ, ஆடி மாதத்துக் கூழோ, உன் இடத்தில் ஓர் ஆளை உட்காரவைத்துவிட்டால் உன் நாள் உன் பேரில் ஏறிவிடும். இன்னொரு நாள் அவளுக்காக நீ உட்காருவாய். ஆள் மாத்தறது என்று அதற்குப் பெயர். அந்தப் பெண்களின் கல்யாணம், பிரசவம், கருமாதி எல்லாமே இப்படி ஆள் மாத்தித்தான் நடந்திருக்கின்றன.

அதனால் ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி வந்தபோது, குழாயடியில் பேச்சு ஒரு குடம் நிரம்புவதற்குள் முடிந்துவிட்டது.

“நைட்டு முடிச்சிட்டு நான் சும்மாதானே ஊட்ல கீறேன்” என்றாள் வனஜா. “மூணு புள்ளைக்கும் நான் ஒருத்தி போய்க் குந்தினா பத்தாதா? நீங்க வேலையப் பாருங்கக்கா.”

மூன்று பெண்களுக்கும் அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை. நாற்காலியில் ஆள் இருந்தால் போதும் என்பது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறிப்போன விஷயம். பள்ளிக்கூடமும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினார்கள். சனிக்கிழமைதோறும் வனஜா, தூக்கம் ஒட்டிய கண்ணைக் கழுவிக்கொண்டு, மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பச்சைக் கேட்டுக்குப் போய்வந்தாள்.

கார்த்திகை பிறந்தும் மழை விடவில்லை. தெருவில் நின்ற தண்ணீரில் எஸ்டேட்டு எண்ணெய் வழவழவென்று மிதந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் லாரிக்கு யார் ஃபோன் செய்கிறார்கள்? அனுசுயாவின் புருஷன், தண்ணீர் லாரி ஓட்டுகிற டில்லிபாபு, அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தான். கதவோரம் உட்கார்ந்து பொண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தான். அடுப்பு மூலையில் அனுசுயா நெத்திலிக் கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டுத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“மழை பெய்தது. எறும்பு இலையின் கீழே நின்றது. பயப்படாதே என்று இலை சொன்னது.” மோனிஷா தலையை ஆட்டி ஆட்டி, ஒரு இடத்திலும் தட்டாமல் சொன்னாள்.

“பாத்தியாமே? இன்னா கணீர்னு கீது!” என்றான் டில்லிபாபு. “நானெல்லாம் ரெண்டாங் கிளாசுல பல்பம் துன்னுகினு இருந்தேன். இது டீச்சராவே ஆவும் பாரு.”

“கண்ணு வெக்காத” என்று சொல்லிக்கொண்டே அனுசுயா புளி எடுக்கத் திரும்பினாள். அப்போதுதான் புத்தகம் அவள் கண்ணில் பட்டது. விரித்திருந்த பக்கத்தில் எறும்பும் இல்லை, இலையும் இல்லை. ஒரு சந்தை, ஒரு தக்காளிக் கூடை, தராசு பிடித்த ஓர் ஆள். மோனிஷா விரலை அந்தத் தராசுக்குக் கீழே ஓட்டிக்கொண்டு எறும்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அனுசுயா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எறும்புப் பாடத்தைத் தேடி எடுத்து, நடுவில் ஒரு வார்த்தையைத் தொட்டாள். “இது இன்னா, சொல்லு.”

மோனிஷா உதட்டுக்குள்ளேயே முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். மழை பெய்தது, எறும்பு இலையின் கீழே... விரல் ஒரு பக்கம் போனது, வாய் ஒரு பக்கம் போனது. இரண்டும் சந்திக்கவில்லை. அனுசுயா தனியாக ‘ம’ காட்டினாள். மோனிஷா ‘ம’ என்றாள். ‘ழை’ காட்டினாள். பிள்ளை புத்தகத்தைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

அடுப்பில் எண்ணெய் புகைந்தது. அனுசுயா எட்டாவது வரைக்கும் படித்தவள். தினமும் சமைத்துக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டே, பொண்ணு பாடம் ஒப்பிப்பதைக் கேட்டவள். அத்தனை நாளும் கேட்டது படிப்பு இல்லை, பாட்டு.

“சனிக்கெழம மிஸ்ஸு உன்ன வெரலு வச்சிப் படிக்கச் சொல்லாதா?”

“எனுக்கு டர்னு வராதும்மா.”

“இன்னாது?”

“அம்மா வந்தாத்தான் டர்னு. பரத்துக்கு வரும். எனுக்கும் ஹேமாஸ்ரீக்கும் வராது. நாங்க பின்னாடி குந்திகினு கேப்போம்.” அதில் வருத்தப்பட ஏதோ இருக்கிறது என்றுகூட அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. “கேட்டுக் கேட்டுத்தாம்மா எனுக்கு எல்லாப் பாடமும் தெரியும்.”

வனஜா வெளியே தார்ப்பாய்க்கு அடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அனுசுயா போன வேகத்தில் சோப்புப் பெட்டி உருண்டது.

“ஏய் வனஜா, ஜூன் மாசத்துலேந்து எம் பொண்ண ஒரு நாள்கூட படிக்க வெக்கலியாமே. உனுக்குத் தெரியுமா தெரியாதா?”

வனஜா துணியைக் கீழே போடவில்லை. கையில் பிடித்தபடியே நின்றாள். “தெரியும்க்கா.”

“தெரிஞ்சிகினா வாய மூடிகினு இருந்த? உம் புள்ள படிச்சா போதுமா? எம் புள்ள எக்கேடு கெட்டா உனுக்கின்னா!”

“அப்டி சொல்லாதக்கா” என்றாள் வனஜா. “மொத நாளே கேட்டேன். ‘மூணும் என் புள்ளைங்கதான் மிஸ், படிக்க வைங்க’ன்னேன். அவங்க அம்மாவ வரச் சொல்லுங்கன்னுது அந்த மிஸ்ஸு. ரூலாம். ஒவ்வொரு வாரமும் கேப்பேன், அதையே சொல்லும். உன்கிட்ட வந்து சொன்னா நீ ஒரு நாள் வேலய வுட்டுட்டு ஓடணும். அடுத்த வாரம் மிஸ்ஸு மனசு மாறும், அடுத்த வாரம் மாறும்னு...” மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள். “அப்பால பாதி நாளு அந்தக் குட்டி பெஞ்சில குந்தினா எனுக்கு கண்ணு சொருகிடுது. பரத்து என் கையக் கிள்ளி எழுப்புவான். வெக்கமா இருந்துச்சு. அதனாலதான் சொல்லல.”

அனுசுயாவுக்குக் கோபம் அடங்கவில்லை. ஆனால் அது இனி வனஜாமேல் நிற்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரவெல்லாம் பிசிறு வெட்டிவிட்டு, சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்து தூங்கி வழிந்தவளை என்ன சொல்லித் திட்டுவது? பக்கெட்டை இழுத்துத் தானே துணிகளைக் கொடியில் போட ஆரம்பித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து பிழிந்து உதறினார்கள்.

திங்கட்கிழமை நாற்காலியில் பக்கத்து லைன் முத்தம்மாளை உட்காரவைத்துவிட்டு அனுசுயா பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஸ்ரீகாந்த் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் சிரிக்கிற பிள்ளைகளின் படம். யாரோ வெள்ளைக்காரப் பிள்ளைகள்.

“வாங்க மேடம். நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன்” என்றார் அவர். மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. “மோனிஷா ரீடிங்ல ஜீரோ. பாவம், குழந்தை மேல தப்பே இல்லை. ஒரு குழந்தைக்கு முதல் டீச்சர் யாரு? அம்மா. நீங்க ஒரு சனிக்கிழமைகூட வரலை. எங்க ரெக்கார்டுல உங்க இடம் காலி.”

“எனுக்கு பதிலா ஆள் அனுப்பினேன் சார்.”

“ஆள்?” அவர் சிரித்தார். “பேரன்ட்ஹுட்டுக்கு சப்ஸ்டிட்யூட் கிடையாதுங்க மேடம்.”

அந்த வார்த்தைகளில் பாதி அவளுக்குப் புரியவில்லை. சிரிப்பு முழுசாகப் புரிந்தது.

“சரி சார், நான் வரல. ஒத்துக்கறேன். அதுக்கு எம் பொண்ணுக்கு ஏன் சொல்லிக் குடுக்கல?”

“அதான் சொன்னேனே, பேரன்ட் வந்தாத்தான் அந்த மெத்தட் வேலை செய்யும். மத்த நாள்ல கிளாஸ் முழுக்கச் சேர்ந்து படிக்கறாங்க இல்லையா? தனித்தனியா கவனிக்கறது சனிக்கிழமைதான்.” பேனாவைத் திறந்து மூடினார். “இப்ப என்ன பண்ணலாம்னா, அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சதும் மோனிஷாவை ஒண்ணாங்கிளாஸ்ல உட்காரவைக்கலாம். ஹேமாஸ்ரீயையும். அவங்க நல்லதுக்குத்தான். உங்களுக்கு விருப்பம் இல்லைன்னா டிசி வாங்கிக்கலாம்.”

அனுசுயாவுக்குக் காது அடைத்தது. ஒன்றாம் வகுப்பு! போன வருஷம் மோனிஷா கையைப் பிடித்து நடத்திக் கூட்டிவந்த பொடிசுகளோடு, தலை ஒன்று உயரமாக, அவள் உட்கார வேண்டும். சொல்லித்தராதவர்கள் மேலே உட்கார்ந்திருப்பார்கள். கற்றுக்கொள்ளாத பிள்ளை கீழே இறங்க வேண்டும். என்ன நியாயம் இது? மாதம் பிறந்தால் ஃபீஸ் கேட்டுச் செய்தி அனுப்பும்போது மட்டும் இவர்களுக்கு அம்மா முகம் பார்க்க வேண்டாம். யார் கையால் கட்டினாலும் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள்.

கடைசியில் நினைத்ததை அப்படியே சொல்லியும்விட்டாள். “ஃபீஸு கட்டச்சொல்லோ என் ஊட்டுக்காரர் வந்தாரு, ஒருவாட்டி வனஜா வந்துச்சு. ஆள் மாத்தி வந்துகீறீங்க, வாங்க மாட்டேன்னு நீங்க ஒரு நாளும் சொல்லலியே சார்?”

ஸ்ரீகாந்தின் முகத்திலிருந்து மரியாதை மெதுவாக இறங்கியது. “மேடம், எமோஷனல் ஆகாதீங்க. சனிக்கிழமை வாங்க, பார்க்கலாம்.”

வெளியே நடையில் இரண்டாம் வகுப்பு ரேவதி மிஸ் நின்றுகொண்டிருந்தாள். வேப்பம்பட்டிலிருந்து தினமும் ரயிலில் வருகிற இளம் பெண். உள்ளே நடந்ததைக் கேட்டிருப்பாள் போல. அனுசுயாவின் கண்ணைப் பார்க்காமல், “எப்படியாவது வந்துடுங்கம்மா. நான் என்ன செய்ய முடியும்?” என்றாள்.

சாயங்காலம் குழாயடியில் மறுபடியும் பேச்சு. லோகநாயகி விஷயத்தைக் கேட்டதும் ஒரே பிடியாக, டிசி வாங்கி மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டு வேறு பள்ளிக்கூடம் பார்ப்போம் என்றாள்.

“எந்த ஸ்கூல்ல சேத்தாலும் இது ரெண்டும் எழுத்துக் கூட்டத் தெரியாமத்தானே போவும்?” என்றாள் அனுசுயா. “சொல்லிக் குடுக்காம வுட்டவங்கதான் சொல்லிக் குடுக்கணும். நான் வுடமாட்டேன்.”

வனஜா குடத்தைக் கீழே வைத்தாள். “நான் ஒன்னு சொல்லட்டா?” என்றாள். “அம்மாவ ஆள் மாத்தினாத்தானே அவனுங்களுக்குக் கசக்குது? கம்பெனிக்கு ஆள மாத்துவோம். வெள்ளிக்கெழம நைட்டு முடிச்சிட்டு நான் அப்டியே அனுசுயாக்கா சேர்ல குந்திக்கிறேன். லோகுக்கா எடத்துக்கு முத்தம்மாள கேப்போம். நீங்க ரெண்டு பேரும் போங்க.”

“பதினாறு மணி நேரம் தொடர்ந்து குந்துவியா? பைத்தியமா உனுக்கு?”

“அந்தக் குட்டி பெஞ்சில குந்தறதுக்கு இது மேலுக்கா” என்றாள் வனஜா.

சனிக்கிழமை மழை விட்டு வெயில் அடித்தது. அனுசுயாவும் லோகநாயகியும் கம்பெனி சீருடையின் மேல்சட்டையோடேயே போனார்கள். மாற்றப் புடவை இல்லாமல் இல்லை. எங்கிருந்து வருகிறோம் என்று தெரியட்டும் என்று அனுசுயாதான் சொன்னாள். டில்லிபாபு, “நானும் வரேன்மே, அப்பனும் பெத்தவன்தானே” என்று தண்ணீர் லாரியோடு வந்து, அதைப் பச்சைக் கேட்டுக்கு முன்னாலேயே நிறுத்தினான். கரஸ்பாண்டன்ட் கார் வெளியே வர வேண்டும் என்றால் லாரி நகர வேண்டும். அதை அவன் யோசித்துத்தான் செய்தான் என்று அனுசுயா பிற்பாடு கண்டுபிடித்தாள்.

வகுப்பில் பத்துப் பதினைந்து பெற்றோர் இருந்தார்கள். பெற்றோர் வராத பிள்ளைகள் பின்வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையைவிடப் பின்வரிசைதான் நீளம். ரேவதி மிஸ் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டாள். மோனிஷா முறை வந்தது. அனுசுயா பக்கத்தில் உட்கார, மோனிஷா எறும்புப் பாடத்தை எடுத்துவைத்துக்கொண்டு கடகடவென்று ஆரம்பித்தாள்.

“நிறுத்து கண்ணு” என்றாள் அனுசுயா. “மிஸ், இது பாக்காம சொல்லுது. இதுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. மொதல்லேந்து சொல்லிக் குடுங்க. நான் பாக்குறேன்.”

ரேவதி மிஸ் ஒரு நிமிஷம் வாசலைப் பார்த்தாள். பிறகு மோனிஷாவின் விரலைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தின்மேலும் வைத்தாள். ம. ழை. இரண்டையும் சேர்த்துச் சொல்லு. மோனிஷாவுக்கு வியர்த்தது. மூன்றாவது தடவையில் ‘மழை’ என்று சொல்லிவிட்டு, வாய்க்கும் விரலுக்கும் என்ன ஆயிற்று என்பதுபோல இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அனுசுயாவுக்குக் கண் கலங்கியது. இவ்வளவுதானா? இந்தக் கால் மணி நேரத்தைத்தான் ஆறு மாதமாகத் தராமல் வைத்திருந்தார்களா?

ஹேமாஸ்ரீக்கும் முறை வந்தது. அடுத்தது பரத். ரேவதி மிஸ் அவன் பெயரைச் சொல்லாமல் தாண்டி அடுத்த பெயருக்குப் போனாள்.

“மிஸ், பரத்து?” என்றாள் அனுசுயா.

“அவங்க அம்மா இன்னிக்கு வரலையேம்மா.”

பரத் புத்தகத்தைத் திறந்து, சந்தைப் பாடத்தில் விரலை வைத்துத் தயாராக இருந்தான். பெயர் தாண்டிப் போனதும் பேசாமல் புத்தகத்தை மூடிக்கொண்டு பின்வரிசைக்கு நகர்ந்தான். எழுந்து நின்றுவிட்டாள் அனுசுயா.

“அவங்கம்மா எங்க கீது தெரியுமா? ராவெல்லாம் வேல செஞ்சிட்டு, தோ இப்ப என் சேர்ல குந்திகினு எனுக்காகப் பிசிறு வெட்டிகினு கீது. நான் இங்க வரணுமேன்னு! அத்தினி நாளு வந்துச்சே, இன்னிக்கு ஒரு நாளு வரலன்னா புள்ள பின்னாடி பூடணுமா?”

சத்தம் கேட்டு ஸ்ரீகாந்த் வந்தார். “மேடம், கிளாஸை டிஸ்டர்ப் பண்ணாதீங்க. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“அப்ப அம்மா அப்பா ரெண்டு பேரும் இல்லாத புள்ள வந்தா இன்னா பண்ணுவீங்க சார்? பள்ளிக்கூடத்துல சேத்துக்குவீங்க, ஃபீஸ வாங்கிக்குவீங்க, படிக்க மட்டும் வெக்க மாட்டீங்க, அப்டித்தானே?”

“நாங்க பேரன்ட்ஸோட பங்களிப்பைக் கேக்கறோம். அதுல என்ன தப்பு?”

“பங்கு கேளுங்க, தரோம். தூக்கத்த வுட்டுத் தரோம், வேலய வுட்டுத் தரோம். ஆனா பெத்தவங்க பங்கு மட்டுந்தான் கீது, உங்க பங்கு எங்க? எங்க முதுகுல எல்லாத்தையும் ஏத்திட்டு நீங்க கைய கட்டிகினு வேடிக்க பாக்கறதுக்குப் பேரு பள்ளிக்கூடமா?”

பின்னால் யாரோ ஓர் அப்பா, “நல்லாக் கேளும்மா” என்றார். ஸ்ரீகாந்த் ரேவதியைப் பார்த்தார். “மிஸ், நீங்க கன்டின்யூ பண்ணுங்க. ரூல்படி.”

ரேவதி மிஸ்ஸின் மேஜைமேல் ஃபோன் அதுவரைக்கும் மூன்று தடவை அதிர்ந்துவிட்டு அடங்கியிருந்தது. இப்போது மறுபடி அதிர்ந்தது. அவள் அதைக் கவிழ்த்துவைத்தாள்.

“என் பையன் ஸ்கூல்லேர்ந்துதான் சார்” என்றாள். “வேப்பம்பட்டுல. அங்கயும் இதே சனிக்கிழமை வாசிப்பு நேரம். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் இங்க இருக்கேன். அங்க அவன் பின்வரிசையில இருக்கான்.” பின்வரிசைப் பக்கம் திரும்பினாள். “பரத், புக்கை எடுத்துக்கிட்டு வா.”

ஸ்ரீகாந்த் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாசலில் டில்லிபாபு வந்து நின்று, “சார், உங்க வண்டி எடுக்கணுமா? லாரிய நவுத்தவா, இல்ல புள்ளைங்க எல்லாம் முடிக்கிற வரைக்கும் வெயிட் பண்றீங்களா?” என்று மிகப் பணிவாகக் கேட்டான். பெற்றோர் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கரஸ்பாண்டன்ட் தன் அறைக்குப் போய்விட்டார்.

அன்றைக்குப் பின்வரிசை முழுவதும் படித்தது. மத்தியானம் ஆகிவிட்டது. ஒருவரும் எழுந்து போகவில்லை. லோகநாயகி நடுவில் போய்ப் பிள்ளைகளுக்கு பன்னும் டீயும் வாங்கிவந்தாள். அனுசுயா வீட்டுக்கு வந்தபோது வனஜா வேலை முடிந்து வந்து, கதவைக்கூடச் சாத்தாமல், செருப்போடு பாயில் விழுந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அனுசுயா செருப்பைக் கழற்றி எடுத்துவைத்துவிட்டு, பரத்துக்கும் சேர்த்து உலை வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் விடவில்லை. மேஜையில் இருக்கிற பெண்களெல்லாம் ஆள் மாத்திக் கொடுத்தார்கள். விஷயம் தெரிந்த வேம்புலி, நாற்காலிகளை எண்ணுவதுபோல எண்ணிவிட்டு முகங்களைப் பார்க்காமல் போனார். பிள்ளைகள் படிக்கப் படிக்க, வந்த பெற்றவர்களுக்கு வேறு விஷயங்களும் கண்ணில் பட ஆரம்பித்தன. பிள்ளைகள் கக்கூஸில் தண்ணீர் ஏன் வரவில்லை? டில்லிபாபு தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு அதைக் கேட்டான். ரேவதி மிஸ்ஸை வாரத்தில் இரண்டு நாள் புது அட்மிஷன் பிடிக்கத் தெருத் தெருவாக அனுப்பிவிட்டால் வகுப்பை யார் பார்ப்பது? லோகநாயகி அதைக் கேட்டாள். அரையாண்டுப் பரீட்சையில் மோனிஷா எழுத்துக் கூட்டித்தான் படித்தாள். மெதுவாக, தப்பும் தவறுமாக. ஆனால் பார்த்துப் படித்தாள். அவளை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைப்பது பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

பொங்கல் லீவு முடிந்து வந்த முதல் சனிக்கிழமை. அனுசுயா மோனிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழக்கமாகத் திறந்திருக்கும் பச்சைக் கேட்டு சாத்தியிருந்தது. அதன்மேல் புதுசாக ஒரு பலகை. பெயின்ட் வாடைகூடப் போகவில்லை. அனுசுயா ஒரே பார்வையில் அதைப் படித்துவிட்டாள். முகத்தில் ரத்தம் ஏறியது. அவளுக்கு முன்னால் வந்த இரண்டு அம்மாக்கள் அதைப் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

“இன்னாம்மா போட்டுகீது?” என்றாள் மோனிஷா.

“நீயே படி.”

மோனிஷா விரலைத் தூக்கினாள். எட்டவில்லை. காற்றிலேயே ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டாள். “பெற்... றோர். பெற்றோர். உள்... ளே. வர. அ... னு... மதி. அனுமதி. இல்லை.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “பிள்ளை... களின். படிப்பு. எங்கள்...” கடைசி வார்த்தையில் நின்றுவிட்டாள். அம்மாவைப் பார்த்தாள். அனுசுயா வாயைத் திறக்கவில்லை. ஓரமாக நின்ற அம்மாக்கள் பக்கத்தில் வந்துவிட்டார்கள். மோனிஷா பலகைக்குத் திரும்பி, முதல் எழுத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

“பொ... று... ப்பு. பொறுப்பு!” என்று கத்தினாள். ஒரு வார்த்தை விடவில்லை. முழுப் பலகையையும் படித்துவிட்டாள். சந்தோஷத்தில் குதித்துவிட்டு, “பொறுப்புன்னா இன்னாம்மா?” என்றாள்.

“உள்ள போய் அவங்களையே கேப்போம், வா” என்று அனுசுயா தாழ்ப்பாளைத் தூக்கிக் கேட்டைத் தள்ளினாள்.